இன்னொரு மணிக்கட்டு

முதன்முதலாக அவர் கடைக்கு நான் போனது ஒரு சின்னக் குப்பி மல்லிகை எண்ணெய் வாங்கத்தான். மூடியைத் திறந்து முகர்ந்துவிட்டு, "இதுல மல்லிகையே இல்லையே" என்றேன். வேறு கடைக்காரராக இருந்தால் குப்பியைப் பிடுங்கி வைத்துக்கொண்டு வாசலைக் காட்டியிருப்பார். இவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு, "வேற என்ன இருக்கு?" என்று கேட்டார். உட்கார்ந்து சொன்னேன். அப்படியே கல்யாணம் வரைக்கும் சொல்லிக்கொண்டே போய்விட்டேன். அவர் என்னைக் கட்டிக்கொண்டது என் மூக்குக்காகத்தான் என்று என் நாத்தனார் இன்றைக்கும் சொல்லிக்கொண்டு திரிகிறாள். திரியட்டும். மூக்கும் முழியுமாக இருக்கிறவளைத் தேடுவார்கள். என் விஷயத்தில் முழியை யாரும் பொருட்படுத்தவில்லை, அவ்வளவுதான்.

அவர் வாசனை எண்ணெய் கலக்கிறவர். புஸ்ஸென்று அடித்துக்கொண்டு போகிற ஸ்பிரே இல்லை. அதில் முக்கால்வாசி ஸ்பிரிட், தெருமுனை தாண்டுவதற்குள் காற்றோடு போய்விடும். எண்ணெய் தோலோடு ஒட்டிக்கொண்டு, உடம்புச் சூட்டில் மெல்ல மெல்ல வாயைத் திறக்கும். அதைக் குப்பியில் முகர்ந்து எடைபோடுவது, வாசலில் நின்று பார்த்துவிட்டு வீட்டுக்கு விலை பேசுவது மாதிரி. உள்ளே குடியிருந்து பார்க்க வேண்டும். அந்தக் குடியிருக்கிற வேலை என்னுடையது. காலையில் நான் கிளம்பும்போது கண்ணாடிக் குச்சியால் என் இடது மணிக்கட்டின் உள்பக்கம் ஒரு கோடு இழுப்பார். அதோடு போய்ப் பல் மருத்துவமனையின் வரவேற்பு மேஜையில் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பேன். தேய்க்கக் கூடாது, கழுவக் கூடாது, அந்தக் கையில் கடிகாரம் கூடாது. சாயங்காலம் வந்து, அது எப்படி வந்தது, எப்படி இருந்தது, எப்படிப் போனது என்று சொல்ல வேண்டும்.

இதற்கு எங்கள் வீட்டில் தனிப் பாஷை உண்டு. பூசியதும் மூக்கைத் தொட்டுவிட்டு ஓடிவிடுகிற எலுமிச்சை, ஆரஞ்சுத் தோல் வகையறா எல்லாம் விருந்தாளி. அது போனபிறகு சட்டிபானையோடு வந்து மத்தியானம் தாண்டியும் இருக்கிற ரோஜா, மல்லிகை எல்லாம் வாடகைக்காரர். அத்தனை பேரும் காலி பண்ணிக்கொண்டு போன பிறகும் தோலை விட்டுப் போகாத சந்தனம், வெட்டிவேர், அகர் ஆகியோர் சொந்தக்காரர். வீட்டுக்குச் சொந்தக்காரர் என்ற அர்த்தத்தில்தான் அவர் பேர் வைத்தார். நாத்தனார் வந்து நன்றாகத் தங்கிவிட்டுப் போன பிறகு, இன்னொரு அர்த்தத்திலும் அந்தப் பேர் பொருந்துகிறது என்று நான் சொன்னேன். சிரித்தார். அக்காவாயிற்றே, கொஞ்சமாகத்தான் சிரித்தார்.

நான் பூசிக்கொண்டு போனவற்றில் சிலதை மறக்க முடியாது. அகர் எண்ணெய் பூசிய அன்று டாக்டரம்மா அறையிலிருந்து ஓடிவந்து, "எங்கேயோ ஒயர் கருகுது" என்று பிளக்கையெல்லாம் பிடுங்கினார். எனக்கு அது காலையில் நனைந்த தோல் செருப்பு, மத்தியானம் பழைய மர அலமாரி. சாயங்காலம் வீட்டுக்கு நடக்கும்போது மட்டும், யாரோ சால்வை போர்த்திக்கொண்டு என்னை ஒட்டி வருகிற மாதிரி இருந்தது. அந்தக் கடைசி நேரத்துக்காக அதுவரை பட்ட பாட்டையெல்லாம் மன்னித்துவிடலாம். ரோஜாவும் குங்குமப்பூவும் கலந்த ஒன்று காலையில் மகாராணி, சாப்பாட்டு நேரத்தில் இருமல் மருந்து. வெள்ளைக் கஸ்தூரி என்று அவர் பெருமையடித்துக்கொண்டு கொடுத்தது எனக்குத் துவைத்து உலர்ந்த தலையணை உறை, அதற்கு மேல் ஒன்றுமில்லை. ஆனால் அன்றைக்குப் பல் பிடுங்க வந்த குழந்தைகள் என் மேஜையை விட்டு நகர மறுத்தன. மழை பெய்த மண் வாசனை என்று ஒன்று கொடுத்தார். பஸ்ஸுக்காகக் கொளுத்தும் வெயிலில் நிற்கிறேன், கையில் மட்டும் மழை. எனக்கு எரிச்சலாக வந்தது. அதையும் அப்படியே சொன்னேன்.

நான் சொல்லி முடித்ததும் அவர் என் கையைப் பிடித்து, மணிக்கட்டில் மூக்கை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு இழுப்பார். பிறகு சண்டை ஆரம்பிக்கும். "எரிச்சல்னா எப்படி? இவ்வளவு குளிர்ச்சியா இருக்கு!" என்பார். "உங்களுக்கென்ன, நிழல்ல உட்கார்ந்துக்கிட்டு மோந்து பார்க்கறீங்க" என்பேன். தட்டில் சோறு ஆறிப்போகும் வரை நடக்கும். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் வேறு எதற்காகவும் நாங்கள் அவ்வளவு ஆசையாகச் சண்டை போட்டதில்லை.

அந்தச் சண்டை நின்றுபோயிற்று.

ஒரு சாயங்காலம் என் கையைப் பிடித்தார், மூக்கைக் கொண்டுவரவில்லை. "அசதியா இருக்கு, நீயே சொல்லு" என்றார். மறுநாளும் அசதி. அதற்கடுத்த நாள் அசதி என்று சொல்லக்கூட இல்லை. நாற்காலியை எனக்கு எதிரே போட்டுக்கொண்டு கேள்வி கேட்க ஆரம்பித்தார். எலுமிச்சை எப்போது போனது? போகும்போது கசந்ததா, இனித்ததா? ரோஜா சந்தனத்துக்கு முன்னால் நிற்கிறதா, பின்னால் நிற்கிறதா? கேட்கும்போது என் மணிக்கட்டைப் பார்க்கவே இல்லை. என் முகத்தையே பார்த்தார். போலீஸ்காரர்கள் அப்படிப் பார்ப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். சொந்தப் புருஷனிடம் அதை நான் எதிர்பார்க்கவில்லை.

எனக்கு மூக்கில் வியர்த்துவிட்டது.

வேறு பெண் என்று நான் நினைக்கவில்லை. வேறு பெண்ணாக இருந்தால் சட்டைக் காலரிலேயே தெரிந்திருக்கும். மற்றவர்கள் புருஷனுடைய பாக்கெட்டைத் துழாவுவார்கள். நான் சட்டையை ஊறப்போடுமுன் ஒருமுறை முகர்ந்தாலே போதும், யாரோடு டீ குடித்தார் என்று சொல்லிவிடுவேன். நான் சந்தேகப்பட்டது இன்னொரு மணிக்கட்டை. யாரோ ஒருத்தி அவருக்கு எண்ணெய் பூசிப் பார்த்துச் சொல்கிறாள். என்னைவிடக் கூர்மையான மூக்கு, என்னைவிட நாசூக்கான பேச்சு, இருமல் மருந்து என்றெல்லாம் சொல்லாதவள். அப்படியானால் என்னிடம் ஏன் இத்தனை கேள்வி? அவள் சொன்னதோடு ஒத்துப்பார்க்கத்தான். என்னை வைத்துப் பரீட்சைப் பேப்பர் திருத்துகிறார்.

வெளியே சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் எனக்கு நிஜமாகவே பயம் பிடித்துக்கொண்டது. நான் அழகுக்காகவோ சமையலுக்காகவோ அந்த வீட்டுக்குள் போனவள் இல்லை. என் சமையலைப் பற்றிப் பேசாமலிருப்பதே நல்லது. அந்த மனிதருக்கு என் மூக்கு வேண்டாம் என்று ஆகிவிட்டால், அவர் எதிரே உட்கார எனக்கு வேறு என்ன காரணம் இருக்கிறது?

போதாக்குறைக்கு அந்தச் சமயத்தில்தான் துணிக்கடைக்காரர் வந்து சேர்ந்திருந்தார். என் வீட்டுக்காரர் காய்ச்சலில் படுத்து எழுந்த அடுத்த வாரம் அது. பெரிய துணிக்கடை, புதுக் கிளை திறக்கிறார்கள், வருகிறவர்களுக்கெல்லாம் ஒரு சின்னக் குப்பி கொடுக்க வேண்டும். அதில் என்ன வாசனை வேண்டும் தெரியுமா? புதுத் துணியின் மடிப்பைப் பிரிக்கும்போது குப்பென்று வருமே, அது. இத்தனை காலமும் யாரோ கலந்த எண்ணெயைச் சின்னக் குப்பிகளில் ஊற்றி விற்றதுதான் அவர் பிழைப்பில் பாதி. இதுதான் முதன்முதலாக அவரே கலந்து, அவர் கடைப் பேரோடு வெளியே போகப்போகிற சரக்கு. ராப்பகலாக அதே நினைப்பாக இருந்தார். அப்படிப்பட்ட நேரத்தில்கூட என் கையை முகர்ந்து பார்க்கவில்லை என்றால் என்ன அர்த்தம்?

கடையில் லேபிள் முளைத்தது. குப்பியின் நிறத்தையும் மூடியின் கீறலையும் வைத்தே எது எது என்று சொல்லுகிற மனிதர், திறந்து ஒரு இழுப்பு இழுத்தால் போதும் என்று மார்தட்டுகிறவர், ஒவ்வொரு குப்பியிலும் வெள்ளைக் காகிதம் ஒட்டி, கொட்டை எழுத்தில் பேர் எழுதி வைத்திருந்தார். புதிதாக வருகிறவளுக்குத் தெரிய வேண்டாமா?

அப்புறம் புதன்கிழமை. ஒரு புதன்கிழமை மத்தியானம் குடை எடுக்கக் கடைக்குப் போனேன். பூட்டியிருந்தது. பக்கத்துச் சாவி ரிப்பேர்க்காரர், "புதன்னா அவர் இருக்கமாட்டாரே" என்றார், எனக்குத் தெரியாதா என்கிற மாதிரி. தெரிந்த மாதிரியே தலையாட்டிவிட்டு வந்தேன். சாயங்காலம், "கடையில நல்ல கூட்டமா?" என்று கேட்டேன். "இருந்துது" என்றார் அவர், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே. அன்றைக்கு அவர் கைக்குட்டையை முகர்ந்தேன். யூகலிப்டஸ், அதற்கு அடியில் ஸ்பிரிட், அதற்கும் அடியில் ஒரு துளி கிராம்பு. அவர் கடையில் யூகலிப்டஸ் கிடையவே கிடையாது. மருந்துக்கடைச் சமாச்சாரம் என்று அதை உள்ளேயே விடமாட்டார்.

மறுநாள் எல்லாவற்றையும் பஞ்சு அக்காவிடம் கொட்டினேன். பஞ்சு அக்கா எங்கள் மருத்துவமனையில் டாக்டரம்மாவுக்குக் கையாள். எப்போது பார்த்தாலும் விரலிடுக்கில் ஒரு பஞ்சு உருண்டை இருப்பதால் அந்தப் பேர். கருவிகளைக் கொதிநீரிலிருந்து எடுத்துக்கொண்டே கேட்டாள்.

"யூகலிப்டஸா? அப்ப அவளுக்கு ஜலதோஷம்" என்றாள்.

"ஜலதோஷம் புடிச்சவளோட மூக்கு எப்படிக்கா வேலைக்கு ஆகும்?"

"அதானே!" அக்கா யோசித்தாள். "அப்ப அவங்கம்மாவுக்கு ஜலதோஷம். குடும்பத்தோட பழக்கமாயிட்டாங்கடி."

"விளையாடாதக்கா."

"நான் ஏன் விளையாடறேன்? ஆம்பளை திடீர்னு லேபிள் ஒட்டறான்னா ஒண்ணு கடையை விக்கப்போறான், இல்ல ஆளை மாத்தப்போறான். எங்க வீட்டுக்காரர் லேபிள் ஒட்டினதே இல்லை. அதனாலதான் நான் நிம்மதியா இருக்கேன்." எனக்குக் கடைவாயில் ஒரு வாரமாக வலி. பேச்சோடு பேச்சாக ஒரு பஞ்சில் கிராம்பு எண்ணெய் தோய்த்து, சின்ன டப்பாவில் போட்டு என் பைக்குள் வைத்தாள். "வலிச்சா கடிச்சுக்கோ. கேட்டா நேரா கேளு, இல்ல ஒரு பொறியை வை. சும்மா பொருமிக்கிட்டே இருந்தா பல்லுதான் தேயும்."

நேராகக் கேட்கிற தைரியம் எனக்கு வரவில்லை. ஆமாம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது? பொறி வைப்பது என்று முடிவு செய்தேன்.

அந்த வாரக் கடைசியில் துணிக்கடை எண்ணெயின் கடைசி மாதிரியை என் மணிக்கட்டில் இழுத்தார். "நாளைக்கு வண்டி அனுப்பறாங்க. இதான் முடிவு" என்றார். "நல்லா பாத்துச் சொல்லு."

அது எப்படி இருந்தது என்று உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுகிறேன். முதலில் எலுமிச்சைத் தோல், ஆனால் பிழிந்த எலுமிச்சை இல்லை, நகத்தால் லேசாகக் கீறியது. விருந்தாளி வந்ததும் தெரியாமல் போனதும் தெரியாமல் மரியாதையாக எழுந்து போனார். பிறகு ரோஜா, அதுவும் பூக்கடை ரோஜா இல்லை. பெட்டிக்குள் துணியோடு வைத்து மறந்துபோன ரோஜா. மத்தியானத்துக்குமேல் வெள்ளைக் கஸ்தூரியும் சந்தனமும், அவற்றுக்கு நடுவில் மெல்லிய இழையாக வெட்டிவேர். அந்த வெட்டிவேரில்தான் சூட்சுமமே. அதுதான் கஞ்சி போட்ட மொடமொடப்பைக் கொண்டுவந்தது. கண்ணை மூடினால் யாரோ எனக்காக ஒரு புதுப்புடவையை உதறிப் பிரிக்கிறார்கள். மேஜையில் உட்கார்ந்தபடியே எனக்குக் கண் கலங்கிவிட்டது. இவ்வளவு நாள் அவர் கலந்ததிலேயே அதுதான் உச்சம். யாருடைய மணிக்கட்டை வைத்து இதைச் சரிபண்ணினாரோ என்று நினைத்தபோது கண்ணீர் நின்று கோபம் வந்தது.

சாயங்காலம் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். "சொல்லு."

"ரோஜா தூக்கலா இருக்கு" என்றேன்.

"ம்."

"வெட்டிவேர் துளிகூட இல்ல. போட்டீங்களா, மறந்துட்டீங்களா?"

என் கணக்கு இதுதான். பழைய மனிதராக இருந்தால் பாய்ந்து என் கையைப் பிடித்து, முகர்ந்து, "வெட்டிவேர் இல்லையா? உனக்கென்ன கிறுக்கா?" என்று வீட்டை இரண்டாக்கியிருப்பார். அப்படிச் செய்துவிட்டால் என் சந்தேகமெல்லாம் பொய், காலில்கூட விழுந்துவிடுவேன். முகர்ந்து பார்க்காமலேயே, "இல்லையே, இருக்கே" என்று சொன்னால், அது இன்னொரு மணிக்கட்டு சொன்ன பாடம். அப்போது பிடித்துக்கொள்வேன்.

அவர் இரண்டையும் செய்யவில்லை. என் முகத்தை ரொம்ப நேரம் பார்த்தார். நான் முகத்தைக் கல் மாதிரி வைத்துக்கொண்டேன்.

"துளிகூட இல்லையா?"

"இல்ல."

"சரி" என்று எழுந்துபோனார்.

சரியா? எனக்குப் புரியவில்லை. நான் என்ன சொன்னாலும் ஒன்றுதான் என்று ஆகிவிட்டதா? அல்லது காலையில் அவளிடம் போய்க் கேட்டுவிட்டு வந்து பேசலாம் என்றிருக்கிறாரா? இரண்டாவதுதான் என்று மனசு அடித்துச் சொன்னது. காலையில் நான் கண் விழித்தபோது அவர் கிளம்பிப் போயிருந்தார். மருத்துவமனைக்குப் போன் செய்து, பல்வலி என்று சொல்லிப் பாதி நாள் லீவு கேட்டேன். பல் மருத்துவமனையில் பல்வலிக்கு லீவு கேட்ட முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். இன்றைக்குக் கையும் களவுமாகப் பிடித்துவிடுவது என்று கடைக்கு நடந்தேன்.

கடைக்குப் போகுமுன்பே, சாவி ரிப்பேர்க்காரர் வாசலிலேயே என் கால் நின்றுவிட்டது. வெட்டிவேர். தெருவே அதில் ஊறிக்கொண்டிருந்தது. சாவி ரிப்பேர்க்காரர் மூக்கை மூடிக்கொண்டு, "என்னம்மா, உங்க கடையில கிணறு தோண்டறாங்களா?" என்றார்.

உள்ளே ஓடினேன். துணிக்கடை எண்ணெயைக் கலந்து வைத்திருந்த எவர்சில்வர் டிரம் காலியாக இருந்தது. அதிலிருந்த எண்ணெய் முழுக்கக் குப்பிகளில் நிறைந்து, அட்டைப்பெட்டிகளில் வரிசையாக நின்றது. அவர் கடைசிப் பெட்டியின் குப்பிகளுக்கு மூடி திருகிக்கொண்டிருந்தார். அந்த அறையில் மூச்சுவிட முடியவில்லை. சேறு, பாசி, ஊறிப்போன கோணிப்பை. ரோஜாவும் சந்தனமும் அதற்கடியில் எங்கே புதைந்தன என்றே தெரியவில்லை. வேறு யாரும் அங்கே இல்லை. அவர் மட்டும்தான், சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, சந்தோஷமாக.

"வந்துட்டியா?" என்றார். "நீ சொன்னமாதிரியே வெட்டிவேரைக் கூட்டிட்டேன். விடிஞ்சதுலேருந்து இதே வேலை. பாரு, இப்ப சரியா இருக்கா?"

அந்த நாற்றத்தின் நடுவில் நின்றுகொண்டு, வாசனை கலக்கிற ஒருவர் இதைக் கேட்கிறார். என் மனசு அப்போதும் ஒரு கணம் இடக்குத்தான் பண்ணியது. நான் பொய் சொன்னேன் என்று தெரிந்துகொண்டு பழிவாங்குகிறாரோ? எனக்குப் பாடம் புகட்ட எல்லாச் சரக்கையும் பாழாக்குவாரா? கை தானாகப் பைக்குள் போனது. பஞ்சு அக்கா கொடுத்த டப்பாவைத் திறந்து, கிராம்பு எண்ணெய்ப் பஞ்சை அவர் மூக்குக்கு நேரே நீட்டினேன். ஒரு மைல் தூரத்திலிருந்து கண்டுபிடிக்கலாம், பல் டாக்டர் வீட்டுப் பூனைக்குக்கூடத் தெரியும் அது கிராம்பு என்று.

"இதைப் பாருங்க" என்றேன்.

குனிந்து நன்றாக இழுத்தார். பிறகு நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். நெற்றி, கண், உதடு என்று ஒவ்வொன்றாகத் தேடினார். எத்தனையோ சாயங்காலம் பார்த்த அதே பார்வை. அப்போதுதான் அது போலீஸ்காரரின் பார்வை இல்லை என்று எனக்குத் தெரிந்தது. பரீட்சைக்குப் படிக்காமல் வந்தவன், பக்கத்துப் பையனின் பேப்பரைப் பார்க்கிற பார்வை.

"ரோஜா கொறைஞ்சிருக்கு" என்றார் மெதுவாக. "இல்லையா?"

அதே பழைய ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். "எப்பலேருந்துங்க?" என்று கேட்டேன்.

கேள்வி புரியாத மாதிரி நடிக்கப் பார்த்தார். பிறகு பஞ்சைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தோளைத் தொங்கப்போட்டார்.

"அந்தக் காய்ச்சல்லேருந்து. சளி போச்சு, இது மட்டும் திரும்பி வரல."

"ஒண்ணுமேவா?"

"ஒண்ணுமே. சோறு, சோப்பு, சாக்கடை, எல்லாம் ஒண்ணுதான்."

"புதன்கிழமை..."

"மூக்கு டாக்டர். யூகலிப்டஸையும் கிராம்பையும் கொடுத்து, மோந்து மோந்து பழகச் சொல்றார். வரலாம், வராமலும் போகலாம்னார்." குப்பி மூடியை விரலில் உருட்டிக்கொண்டே சொன்னார். "இந்தத் துணிக்கடை எண்ணெய் முழுக்க உன் வாயை வெச்சுத்தான் கலந்தேன். நீ கசப்புன்னா கொறைச்சேன், நீ நல்லாயிருக்குன்னு முகத்தை மலர்த்தினா அப்படியே விட்டேன். நான் ஒரு சொட்டுகூட மோந்து பார்க்கல."

இன்னொரு மணிக்கட்டு என்று ஒன்று இல்லவே இல்லை. நேற்று என்னை அழவைத்த அந்த எண்ணெய், தலை முதல் கால் வரை என் மூக்கிலிருந்து வந்தது. சந்தோஷப்பட வேண்டிய விஷயம். எனக்குச் சந்தோஷம் வரவில்லை, கோபம்தான் வந்தது, அதுவும் அவர்மேல்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? நான் யாரோவா?"

"சொன்னா நீ பாவம்னு நினைப்பே."

"நினைச்சா என்ன?"

"பாவம்னு நினைச்சா, கொண்டு வர்றதெல்லாம் நல்லாயிருக்குன்னு சொல்ல ஆரம்பிச்சுடுவே. இருமல் மருந்துன்னு சொல்லமாட்டே. எரிச்சலா இருக்குன்னு சொல்லமாட்டே." மூடியை உள்ளங்கைக்குள் இறுக்கிக்கொண்டார். "எனக்கு இப்ப மிச்சம் இருக்கறது உன் மூக்கு ஒண்ணுதான். அதுவும் எனக்காகப் பொய் சொல்ல ஆரம்பிச்சுட்டா நான் எங்க போவேன்?"

அறை முழுக்க அட்டைப்பெட்டிகள். ஒவ்வொரு குப்பியிலும் என் பொய் ததும்பத் ததும்ப நிறைந்திருந்தது. வேறு வழியாகச் சொல்லிச் சமாளிக்கலாமா என்று ஒரு கணம் பார்த்தேன். வெட்டிவேர் கொஞ்சம் தூக்கலாகிவிட்டது, அளவு தப்பிவிட்டது, இப்படி ஏதாவது. அவருக்கு எப்படித் தெரியப்போகிறது? அந்த நினைப்பு வந்ததுமே எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருந்தது.

"நேத்து நான் சொன்னது பொய்" என்றேன். "வெட்டிவேர் இருந்துது. அளவா, அழகா இருந்துது. நீங்க கலந்ததுலேயே அதான் நல்ல எண்ணெய். நீங்க வேற யாரையோ வெச்சுப் பூசிப் பார்க்கறீங்கன்னு நினைச்சேன். உங்களைக் கையும் களவுமா பிடிக்கத்தான் அப்படிச் சொன்னேன்."

அவர் கையிலிருந்த மூடியைக் குப்பியில் வைத்துத் திருகினார். பிறகு அதையே திரும்பக் கழற்றினார். "இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டார், பெட்டிகளைக் காட்டி.

"சகிக்கல. சாவி ரிப்பேர்க்காரர் கிணறு தோண்டறீங்களான்னு கேக்கறார்."

ஒரு பாதிச் சிரிப்பு வந்து, உடனே போயிற்று. போனை எடுத்துத் துணிக்கடைக்காரரிடம் பேசினார். சரக்கில் ஒரு தப்பு நேர்ந்துவிட்டது, இன்னும் கொஞ்சம் நாள் வேண்டும் என்றார். தப்பு யாருடையது என்று அவரும் சொல்லவில்லை, நானும் வாயைத் திறக்கவில்லை. எதிர்முனையில் துணிக்கடைக்காரர் போட்ட சத்தம் எனக்கே கேட்டது. கடைசியில் கடை திறப்பதற்கு முந்தின நாளுக்குள் வந்தால் போதும் என்று இறங்கிவந்தார். காலை முழுக்க நான் லேபிளைப் படித்துக் குப்பிகளை எடுத்துக் கொடுத்தேன், அவர் அளந்து கலந்தார். கெட்டுப்போன எண்ணெயை அப்படியே டிரம்மில் திருப்பி ஊற்றி மூலையில் வைத்தோம். மத்தியானத்துக்கு முன்பே புது மாதிரி தயாராகி, என் மணிக்கட்டில் ஒரு கோடு விழுந்தது. இந்தமுறை அவர் என் கையைப் பிடிக்காமலேயே இழுத்தார்.

சாயங்காலம் வீட்டில் எதிரும் புதிருமாக உட்கார்ந்தோம். விருந்தாளி எழுந்து போனதை, ரோஜா வந்து பெட்டியில் படுத்துக்கொண்டதை, கடைசியில் சொந்தக்காரர்கள் மூன்று பேரும் ஒருவர் காலை ஒருவர் மிதிக்காமல் இருப்பதை, ஒன்று விடாமல் சொன்னேன். நேற்றைக்கு இருந்ததைவிட வெட்டிவேர் இன்று அரை இழை கம்மி என்றும் சொன்னேன். அது உண்மை.

"வேற என்ன இருக்கு?" என்றார்.

"வேற ஒண்ணும் இல்ல. நல்லாயிருக்கு."

நல்லாயிருக்கு என்ற சொல் என் வாயிலிருந்து விழுந்ததும் அவர் முகம் மாறியது.

"பொய் நேத்து ஒருநாள் மட்டுந்தானே?" என்று கேட்டார்.

"ஆமாங்க" என்றேன். "சத்தியமா."

அவர் என் கையை எடுத்தார். பழையபடி மணிக்கட்டில் மூக்கை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, ஆழமாக இழுத்தார். பிறகு கண்ணைத் திறந்து, காலையில் தேடிய மாதிரியே என் முகத்தைப் பார்த்தார்.